முதல் மதிப்பெண்ணுக்கு மட்டுமா உதவி?

கென்யாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த கிறிஸ் முபுருவின் படிப்புக்கு, ஸ்வீடனில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்த ஹில்டே பாக் ஒரு பருவத்துக்குச் சுமார் 15 டாலர் வீதம் பணம் அனுப்பிவந்தார். முபுரு பிறகு ஹார்வர்டில் சட்டம் படித்தார், ஐ.நா.வில் மனித உரிமைப் பணிக்குச் சென்றார். 2001-இல் ஹில்டே பாக் பெயரிலேயே ஒரு கல்வி நிதியையும் தொடங்கினார். நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து இளவயதில் தப்பி வந்த யூதப் பெண் அவர் என்பது முபுருவுக்கு வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. 2010-இல் வெளியான 'எ ஸ்மால் ஆக்ட்' என்ற ஆவணப்படம் இந்தக் கதையை உலகறியச் செய்தது. நெஞ்சைத் தொடும் கதைதான், உண்மையும்கூட. ஆனால் ஏழைப் பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்பது எதற்காக என்ற கேள்விக்கு இது பாதி விடையைத்தான் தருகிறது. குப்பையில் கிடக்கும் மாணிக்கத்தைத் தேடி எடுப்பதே உதவி என்று நம்மை நினைக்க வைத்துவிடுகிறது. நம்மூரிலும் பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் நாளிதழ்கள் தேடிப் போவது, அதிக மதிப்பெண் எடுத்த ஏழை மாணவரைத்தானே?

பல ஆப்பிரிக்க நாடுகளில் தொடக்கக் கல்விக்கு அரசு பொறுப்பேற்றுக்கொண்டது. சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. கென்யா 2003-இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியபோது பிள்ளைகள் லட்சக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு 2008-இல்தான் அரசு உதவி வந்தது. அது பாடம் நடத்தும் செலவைத்தான் ஈடுகட்டியது. சீருடை, மதிய உணவு, விடுதிக் கட்டணம் எல்லாம் பெற்றோர் தலையில்தான். அந்த நாட்டில் பெயர்பெற்ற உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் விடுதிப் பள்ளிகள் என்பதால் செலவு இன்னும் கூடுகிறது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை வீட்டுக்கு நாலு காசு சம்பாதித்துத் தரக்கூடிய நிலையிலும் இருக்கிறது. பெண்ணாக இருந்தால் திருமணப் பேச்சும் தொடங்கிவிடும். பெற்றோரை இழந்து பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்தக் கட்டத்தில் யாரும் கைகொடுக்காவிட்டால் படிப்பு அத்தோடு நின்றுவிடும்.

இப்போது கானாவுக்கு வருவோம். எஸ்தர் டஃப்லோ, பாஸ்கலின் டூபா, மைக்கேல் கிரெமர் ஆகிய பொருளாதார அறிஞர்கள் 2008-இல் அங்கே ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். தேர்வில் தேறி, மேல்நிலைப் பள்ளியில் இடமும் கிடைத்து, பணமில்லாததால் சேராமல் இருந்த 2,064 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 682 பேருக்குக் குலுக்கல் முறையில் நான்கு ஆண்டு முழுக் கட்டணமும் கிடைத்தது. குலுக்கல் என்பதால், உதவி பெற்றவர் கெட்டிக்காரர், அதனால் முன்னேறினார் என்று யாரும் சொல்ல முடியாது. மற்றவர்களோடு ஒப்பிட்டால், உதவி பெற்றவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களின் விகிதம் 26 சதவீதப் புள்ளி அதிகம். வாசிப்பிலும் கணக்கிலும் அவர்கள் மேலாக இருந்தார்கள். உடல்நலத்தில் கூடுதல் எச்சரிக்கையோடு நடந்துகொண்டார்கள். பெண்கள் 25 வயதுக்குள் பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. பிற்பாடு அந்தப் பெண்களின் குழந்தைகளையும் ஆராய்ந்தபோது, அவர்கள் பிழைத்து வளரும் வாய்ப்பு அதிகம் என்றும் அறிவு வளர்ச்சியில் முந்தியிருக்கிறார்கள் என்றும் தெரிந்தது. உதவி பெற்ற ஆண்களின் குழந்தைகளிடம் இந்த வேறுபாடு காணப்படவில்லை.

உதவி பெற்றவர்களிலும் கல்லூரிக்குப் போனவர்கள் சிறுபான்மையினர்தான். வருமானமும் எல்லோருக்கும் கூடிவிடவில்லை. ஹார்வர்டை அளவுகோலாக வைத்தால் இது தோற்ற முயற்சி. குழந்தை உயிரோடு இருப்பதையும் ஒரு பெண் எப்போது தாயாகிறாள் என்பதையும் அளவுகோலாக வைத்தால், இதைவிட நல்ல செலவு குறைவு. ஆகவே உதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையையே மாற்ற வேண்டியிருக்கிறது. முபுருவின் நிதி உட்படப் பல அமைப்புகள் பொதுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்தே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. பணம் குறைவு, கேட்பவர் அதிகம் என்னும்போது மதிப்பெண் நியாயமான சல்லடையாகத்தான் தெரியும். ஆனால் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளையையும் தனிப்பயிற்சிக்குப் போன பிள்ளையையும் ஒரே சல்லடையில் சலித்தால் யார் கீழே விழுவார் என்று சொல்லவும் வேண்டுமா? கானாவில் பலன் பெற்றவர்கள் முதலிடக்காரர்கள் அல்லர். தேறிய சாதாரணப் பிள்ளைகள்.

இதெல்லாம் அரசின் வேலை, வெளியார் பணம் அரசைச் சோம்பேறியாக்கும் என்பது வலுவான மறுப்பு. கானா அரசே 2017-இல் மேல்நிலைக் கல்வியை இலவசமாக்கியது. சேர்ந்தவர்கள் பெருகி வகுப்பறைகள் போதாமல், மறு ஆண்டே மாணவரை இரு பிரிவாக்கி முறைவைத்துப் பள்ளிக்கு அழைக்க வேண்டியதாயிற்று. அரசுதான் இதைப் பெரிய அளவில் செய்ய முடியும், அதில் மாற்றுக் கருத்தில்லை. அதற்குக் காலம் பிடிக்கும். பதினைந்து வயதுப் பெண் அதுவரை பதினைந்திலேயே நிற்கப்போவதில்லை. ஒரு பிள்ளையை மட்டும் தூக்கிவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏங்காதா என்பது இன்னொரு மறுப்பு. இதை நான் எளிதில் தள்ளமாட்டேன். அதோடு, பிள்ளையின் படத்தை அனுப்பி, கடிதம் எழுதவைத்து, கொடையாளரின் மனத்தைக் குளிர்விக்கும் முறையில் அந்தப் பிள்ளை கடன்பட்டவளாகவே வளர்கிறாள். பணத்தைப் பள்ளிக்கோ உள்ளூர்க் குழுவுக்கோ தந்து, யாருக்குத் தேவை என்று அவர்களே முடிவு செய்வது மேல். அதில் சாதி சனம் பார்க்கும் ஆபத்து எந்த நாட்டிலும் உண்டு. கணக்கை ஊரறிய வைத்தால் அது குறையும்.

ஓர் அமைப்புக்குப் பணம் அனுப்புமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். படிப்பு முடியும்வரை எல்லா ஆண்டுக்கும் பணம் கையில் இருக்கிறதா, இல்லை ஆண்டுதோறும் புதுக் கொடையாளரைத் தேடுவார்களா? கட்டணத்தோடு சீருடையும் சாப்பாடும் அதில் அடங்குமா? நடுத்தர மதிப்பெண் எடுத்த பெண்ணுக்கு அதில் இடமுண்டா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், வேறு அமைப்பைத் தேடுங்கள்.