வாங்க இயன்றும் வாங்காமை

பெத்லகேமின் ஒலிமுகவாசலில் இருந்த கிணற்றுத் தண்ணீரின்மேல் தாவீதுக்கு ஒருநாள் ஆவல் பிறந்தது. வீரர் மூவர் பெலிஸ்தரின் பாளயத்திற்குள் துணிந்து புகுந்து, அத்தண்ணீரை மொண்டு வந்தனர். கைக்கு வந்த தண்ணீரை அவன் குடிக்கவில்லை, கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான். தங்கள் உயிரை எண்ணாமற் போய்வந்த அம்மனிதரின் இரத்தமாகவே அது அவனுக்குத் தோன்றிற்று (2 சாமு. 23:15-17). தண்ணீர் தீட்டானதன்று, குடிக்க அவனுக்குத் தடையும் இல்லை. ஆயினும் அதன் விலை இன்னதென்று கண்டபின் அது அவன் தொண்டைக்குள் இறங்கவில்லை.

வறுமையினால் ஒன்றை வாங்காதிருப்பது வேறு; வசதியிருந்தும் வாங்காதிருப்பது வேறு. முன்னது சுமை, பின்னது தீர்மானம். இத்தீர்மானத்திற்கு இறையியற் பொருள் உண்டா, அன்றி அது வெறும் சிக்கனந்தானா? உக்கிராணத்துவத்தைப்பற்றி ஆண்டுதோறும் பிரசங்கிக்கும் நாம் தசமபாகத்தைப்பற்றிப் பேசுமளவிற்கு, மீதியுள்ள ஒன்பது பங்கைப்பற்றிப் பேசுவதில்லை. ஆதலால் இக்கேள்வி நமக்கு உரியதே.

1. உரிமையும் அதனைப் பயன்படுத்தாமையும்

இதற்கு அடிப்படையான வேதபகுதி 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரம். நற்செய்திப் பணியாளன் அப்பணியினாலே பிழைக்க உரிமையுடையவன் என்பதைப் பவுலடியார் போர்ச்சேவகன், திராட்சத்தோட்டக்காரன், மேய்ப்பன், போரடிக்கிற மாடு என எடுத்துக்காட்டுகளை அடுக்கி நிலைநாட்டுகிறார். அவர் கையாளும் கிரேக்கச் சொல் ‘எக்ஸூசியா’. நம் தமிழ் வேதத்தில் ‘அதிகாரம்’. நிலைநாட்டிய கையோடு, அவ்வதிகாரத்தைத் தாம் பயன்படுத்தவில்லை என்கிறார் (வச. 12). இவ்வரிசையைக் கவனிக்கவேண்டும். உரிமையில்லாதவன் அதனைத் துறக்க முடியாது. எனவே கிறிஸ்தவத் துறத்தல் என்பது பொருள்களைத் தீயவை என்று தள்ளுவதன்று. நல்லதென்று அறிந்த ஒன்றைப் பிறர்பொருட்டுக் கீழே வைப்பது. தொடாதே, ருசிபாராதே என்னும் கட்டளைகளைக் கொலோசெயர் 2ஆம் அதிகாரம் கண்டிப்பதும், தேவன் படைத்ததெல்லாம் நல்லதென்று 1 தீமோத்தேயு 4ஆம் அதிகாரம் அறிக்கையிடுவதும் இதற்கு முரணல்ல.

ஆமோஸ் தீர்க்கதரிசியும் இதையே காட்டுகிறார். தந்தக் கட்டில்களையும் சிறந்த பரிமளதைலங்களையும் அடுக்கிச் சொல்லி வந்தவர், யோசேப்பின் அழிவுக்காக அவர்கள் துக்கப்படவில்லை என்று முடிக்கிறார் (6:4-6). குற்றம் கட்டிலின் தந்தத்தில் இல்லை. அதன்மேல் கிடந்தவனின் மரத்துப்போன நெஞ்சில் இருந்தது. ஆடம்பரம் செய்யும் பெருங்கேடு, அயலானின் துயரம் கண்ணுக்குப் படாதபடி திரையிடுவதே.

2. வெஸ்லியின் சுவர்ப்படங்கள்

ஜான் வெஸ்லி தம் முதிய வயதில் ஓர் அருளுரையில் பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அவர் ஆக்ஸ்போர்டில் இருந்த நாள்களில், குளிர்காலத்தில் ஏழைப் பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். மெல்லிய துணியாடை ஒன்றே அவள் மேலிருந்தது. உதவிசெய்யச் சட்டைப்பையில் கையிட்டார். ஏறக்குறைய ஒன்றும் இல்லை. தம் அறைச் சுவரை அழகுபடுத்தப் பணத்தைச் செலவிட்டிருந்தார். அச்சுவர்ப்படங்கள் அந்தப் பெண்ணின் இரத்தமல்லவா என்ற எண்ணம் அவரைக் குத்திற்று. தாவீதின் கூற்றே வேறு வடிவில் மீண்டும் எழுந்ததைக் காண்கிறோம்.

ஆக்ஸ்போர்டு மெதடிஸ்தர் ஒருவருடைய கணக்கையும் வெஸ்லி தருகிறார். அவர் குறிப்பிடுவது தம்மையே என்பது பொதுக் கருத்து. முதலாண்டு வரவு 30 பவுன். 28இல் வாழ்ந்து 2 பவுனை ஈந்தார். அடுத்த ஆண்டு வரவு 60, செலவு அதே 28, ஈந்தது 32. மூன்றாம் ஆண்டு 90இல் 62. நான்காம் ஆண்டு 120இல் 92. வரவு ஏற ஏறத் தேவைகளும் ஏறுவது இயல்பென்று நாம் எண்ணுகிறோம். அவரோ வரவு நான்கு மடங்கானபோதும் தேவையை நின்ற இடத்திலேயே நிறுத்தினார்.

சம்பாதி, சேமி, கொடு என்னும் அவருடைய மூன்று விதிகளில் நடுவிதியை மட்டும் பிடித்துக்கொள்வோர் பலர். வாங்காமல் மிச்சப்படுத்திய பணம் பெட்டியிலேயே தங்கிவிடுமாயின், அது துறத்தலன்று. பொருளாசை எளிய உடை உடுத்தி வருவதே. தம் மக்கள் முதலிரண்டு விதிகளைக் கைக்கொண்டு மூன்றாவதை மறந்தனர் என்பதே வெஸ்லியின் கடைசி ஆண்டுகளின் பெருந்துயரம்.

3. சர்க்கரையை விட்டவர்கள்

தனி மனிதரின் மனச்சாட்சி பொதுச் செயலாக மாறக்கூடும் என்பதற்குச் சர்க்கரையின் வரலாறு சான்று. நியூ ஜெர்சியைச் சேர்ந்த குவேக்கர் ஜான் உல்மன் (1720-1772), தம் வணிகம் வளர்ந்து செல்வம் பெருகும் நிலையில் அதனைக் குறைத்துக்கொண்டு தையல் தொழிலால் பிழைத்தவர். அடிமைகளின் உழைப்பில் விளைந்ததென்று சர்க்கரையையும், சுரங்க அடிமைகளை எண்ணி வெள்ளிப் பாத்திரங்களையும் விலக்கினார். அன்று பலர் அவரை விசித்திரமானவராகவே கருதினர்.

1791 ஏப்ரலில், அடிமை வணிகத்தை நிறுத்த வில்பர்போர்ஸ் கொண்டுவந்த தீர்மானத்தை ஆங்கிலப் பாராளுமன்றம் 163க்கு 88 என்ற வாக்குகளால் தள்ளியது. அவ்வாண்டே வில்லியம் பாக்ஸ் என்பவர், மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்குகிறவனும் குற்றத்தில் பங்காளி என்று வாதிட்டுச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதனைப் படித்துப் பெருந்திரளானோர் சர்க்கரையை விட்டனர். அவர்கள் தொகை மூன்று இலட்சம் இருக்கலாம் என்று கிளார்க்சன் மதிப்பிட்டார்.

இந்தியத் திருச்சபைக்கு இதில் நேரடித் தொடர்புண்டு. 1792இல் வில்லியம் கேரி வெளியிட்ட அருட்பணி ஆய்வுநூலின் இறுதிப் பகுதி, பணத்திற்கு வழி என்ன என்ற கேள்வியை எதிர்கொள்கிறது. சர்க்கரையை விட்ட குடும்பங்கள் வாரந்தோறும் ஆறு பென்சு முதல் ஒரு ஷில்லிங்வரை மிச்சப்படுத்துகின்றன. அதனை அருட்பணிக்குக் கொடுக்கலாம் என்று அவர் சுட்டிக்காட்டினார். மறு ஆண்டில் அவர் வங்காளம் வந்து சேர்ந்தார். இரத்தக்கறை படிந்த பொருளை விடுவது ஒரு பாதி. மிஞ்சிய காசை நற்செய்திக்குத் திருப்புவது மறுபாதி. கேரி இரண்டையும் ஒன்றாகக் கண்டார்.

அடிமை வணிகம் 1807இல் சட்டத்தால் விலக்கப்பட்டது. அடிமைத்தனத்தை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. சர்க்கரையை விட்டதனால் மட்டுமே இவை நிகழ்ந்தன என்று சொல்லுதல் மிகையாகும். கதை அங்கே முடியவுமில்லை. அடிமைகளுக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலிகளைத் தோட்ட முதலாளிகள் தேடினர். 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குச் சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் நம்மவரைக் கரும்புத் தோட்டங்களுக்கே கொண்டுசென்றது. ஆகவே, இது யாருடைய வியர்வை என்ற கேள்வியைத் திருச்சபை ஒருமுறை கேட்டு ஓய்ந்துவிட முடியாது.

4. இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது, இது சட்டமாகிவிடலாகாது. வெஸ்லி 1746இல் தேநீரை விட்டார். பல ஆண்டுகளுக்குப்பின் மருத்துவரின் ஆலோசனையால் மீண்டும் அருந்தினார். விடவும் எடுக்கவும் அவர் சுயாதீனராயிருந்தார். நாம் வாங்காததை வாங்கிய சகோதரனை நியாயந்தீர்க்கத் தொடங்கும் நாளில், நம் எளிமையே நமக்கு ஆடம்பரமாகிவிடும்.

இரண்டாவது, பெத்தானியாவை மறக்கலாகாது. முந்நூறு பணம் பெறும் தைலத்தை மரியாள் ஊற்றினாள், தரித்திரரின் பெயரைச் சொல்லி முறுமுறுத்தவன் யூதாஸ் (யோவா. 12). அன்பு சில வேளைகளில் தாராளமாய்ச் செலவிடும். தாவீது குடியாமல் ஊற்றினான். மரியாள் வாங்கி ஊற்றினாள். இருவரும் தங்களுக்கென்று வைத்துக்கொள்ளவில்லை என்பதே ஒற்றுமை.

5. நமக்கு

கைப்பிடி அரிசிக் காணிக்கையை நாம் அனைவரும் அறிவோம். உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்த தாய்மார் ஆடம்பரத்தைத் துறக்கவில்லை. அன்றைய சோற்றிலேயே ஒரு பங்கைத் துறந்தனர். அவ்வரிசியால் தாங்கப்பட்ட ஊழியத்தின் கனியை உண்பவர்கள் நாம். அவர்கள் தேவையில் துறந்திருக்க, நாம் மிகுதியிலாவது துறக்கலாகாதா?

போதகரின் வீட்டைச் சபை பார்க்கிறது. அவர் வீட்டுத் திருமணம் நடக்கும் விதத்தைப் பார்த்து, அதேபோல் நடத்தக் கடன்படும் குடும்பங்கள் உண்டு. நம்மால் இயலும் என்பதாலேயே நாம் செய்யும் ஒரு செலவு, இயலாத ஒருவனுக்குக் கட்டளையாகிவிடுகிறது. பெலவீனனுக்கு இடறல் என்று பவுலடியார் சொன்னது இறைச்சிக்கு மட்டும் உரியதன்று.

ஆகவே ஒன்றை வாங்குமுன் மூன்று கேள்விகள் போதும்: இதில் யாருடைய இரத்தம் கலந்திருக்கிறது? இது என்னிடம் இருக்கையில் யார் குளிரில் நிற்கிறார்? இதனை விட்டால் மிஞ்சும் பணம் எங்கே போகும்? ஐசுவரியமுள்ளவராயிருந்தும் நம்பொருட்டுத் தரித்திரரானவரின் (2 கொரி. 8:9) பந்தியில் அப்பம் பிட்கும் கைகள் நம்முடையவை. அக்கைகள் எதை வாங்குகின்றன, எதை வாங்காமல் விடுகின்றன என்பதும் நம் அறிக்கையின் ஒரு பகுதியே.