மணலுக்குள் நீந்தும் கரப்பான்

கரப்பான் என்றதும் நம் ஞாபகத்துக்கு வருவது அடுக்களை மூலையும் குளியலறைச் சாக்கடையும்தான். ஆனால் உலகிலுள்ள 4,500-க்கும் மேற்பட்ட கரப்பான் வகைகளில், வீட்டுக்குள் புகுந்து தொந்தரவு செய்பவை சுமார் 30 மட்டுமே. மற்றவை காட்டிலும் குகையிலும், ஏன், பாலைவனத்திலும்கூட தம்பாட்டுக்கு வாழ்கின்றன.

வீட்டுக் கரப்பான் ஈரம் தேடிக் குழாயடிக்கு வந்துவிடும். குழாயே இல்லாத பாலைவனத்தில் அது என்ன பண்ணும்?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் கொலராடோ பாலைவனம் இருக்கிறது. அங்குள்ள மணல்மேடுகளில் 'அரெனிவாகா இன்வெஸ்டிகேட்டா' என்ற கரப்பான் வாழ்கிறது. பெண்ணுக்கு இறக்கை கிடையாது. முட்டை வடிவ உடம்பு. பெண்ணும் குஞ்சுகளும் மணலுக்குள்ளேயே நீந்துவதுபோல் நகரும். அவை போன தடம் மேல்மணலில் வரப்பு மாதிரி தெரியும். புதரடியில் மக்கும் சருகுதான் சாப்பாடு.

தண்ணீருக்கு அது செய்யும் வழிதான் விசேஷம். வடக்கே இருக்கும் நமக்கு இது எளிதில் புரியும். மே மாத வறண்ட காற்றில் நம் கூலர் ஜில்லென்று வேலை செய்கிறது. மழைக்காலம் வந்தால் அதே கூலர் புழுங்க வைக்கிறது. காரணம், காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பூச்சியின் உடம்பிலிருந்தும் அப்படித்தான் இழுக்கும். இந்தக் கரப்பானோ காற்றிடமிருந்தே ஈரத்தைத் திருப்பி வாங்குகிறது! 1966-இல் எட்னி என்ற அறிஞர் இதை எழுதினார். காற்றின் ஈரப்பதம் சுமார் 82 சதவீதத்தைத் தாண்டினால் போதும். அது வாயிலிருந்து இரண்டு சிறு பைகளை வெளியே நீட்டும். அவற்றின் மேல் மெல்லிய ரோமம் அடர்ந்திருக்கும். வாயருகே சுரக்கும் திரவம் அவற்றில் பரவ, காற்றிலுள்ள நீராவி தண்ணீராகப் படியும். அதை அப்படியே விழுங்கிவிடும்.

பாலைவனத்தில் 82 சதவீத ஈரம் ஏது என்று கேட்பீர்கள். மேலே கால் வைக்க முடியாதபடி மணல் கொதித்தாலும், அரை மீட்டர் ஆழத்தில் குளுமையும் ஈரக்காற்றும் உண்டு. பகலில் அங்கே இறங்கித் தாகம் தீர்த்துக்கொண்டு, இரவில் இரை தேடி மேலே வரும். இறக்கை முளைத்த ஆணுக்கு மட்டும் இந்தத் திறமை இல்லை. ஆக, பொலபொலவென்ற மணல்தான் இதற்குத் தண்ணீர்ப்பானை. மணல் இறுகிப்போனால் கீழே இறங்க முடியாது. இறங்காவிட்டால் தண்ணீரும் இல்லை.

இதன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சொந்தம் நம் பக்கமும் இருக்கிறது. தென்னிந்தியப் புதர்க்காடுகளில் சருகுக்கடியில் பகல் வெயிலுக்குப் பதுங்கும் ஏழுபுள்ளிக் கரப்பான்தான் அது. கறுப்பு உடம்பில் ஏழு வெள்ளைப் புள்ளிகள். பாலைவனவாசி இல்லாவிட்டாலும், ஆங்கிலத்தில் அதற்குப் 'பாலைக் கரப்பான்' என்றும் ஒரு பெயர். எரிச்சலூட்டும் திரவத்தைப் பீய்ச்சும் புள்ளி வண்டு ஒன்றைப் போலத் தோன்றுவதே அதற்குப் பாதுகாப்பு என்கிறார்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் அதைக் கண்டால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். செருப்பைத் தூக்க வேண்டாம். அது நம் அடுக்களைக்கு வருகிற கரப்பான் அல்ல.