மார்க்கக் கல்யாணம்

தலையில் தொப்பி, கழுத்தில் ரோஜா மாலை, ஏறி உட்கார்ந்திருப்பது வாடகைக் குதிரை. மாப்பிள்ளைக்கு ஏழு வயது. முன்னால் பைத்து பாடிக்கொண்டு ஒரு கூட்டம், பக்கவாட்டில் பெட்ரோமாக்ஸ் விளக்குகள். அந்தக் காலத்துத் தமிழ் முஸ்லிம் ஊர்களில் பையன்களின் முன்தோலை நீக்கும் சுன்னத் என்றால் பந்தல், விருந்து, மொய் எல்லாம் உண்டு.

வீட்டுக்குள் போன பிறகுதான் பையனுக்கு விஷயம் புரியும். கவிழ்த்த உரலின் மேல் உட்காரவைத்து, மாமா பின்னாலிருந்து கையையும் காலையும் சேர்த்து இறுக்கிக்கொள்வார். ஒசா, அதாவது ஊருக்கு முடிவெட்டும் அதே நாவிதர், மூங்கில் தப்பையை இடுக்கி, "அதோ பாரு, வெள்ளைக் காக்கா!" என்பார். பையன் நிமிர்வதற்குள் கத்தி வேலையை முடித்திருக்கும். அலறல் வெளியே கேட்காதபடி சுற்றி நிற்பவர்கள் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் முழங்குவார்கள். காயத்துக்குத் துணியைச் சுட்ட சாம்பல். அப்புறம் சில நாள் படுக்கை. துணி பட்டுவிடாமல் இருக்க வேட்டியின் நடுவைக் கயிற்றால் முகட்டில் தூக்கிக் கட்டியிருப்பார்கள். நாட்டுக்கோழி முட்டை மட்டும் தாராளமாகக் கிடைக்கும். வசதியான வீடென்றால் தெருவிலுள்ள ஏழைப் பையன்களையும் சேர்த்து உட்காரவைத்து, செலவைத் தாங்களே ஏற்றுக்கொள்வார்கள். நல்ல மனசுதான். ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே கத்தி.

முஸ்லிம்களிடம் மட்டும் இருந்த வழக்கமும் அல்ல இது. மதுரைப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்களிடமும் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகள் பற்றி 1909இல் வெளியிட்ட தமது தொகுதிகளில் குறித்திருக்கிறார். தாய்மாமன் பையனைத் தோளில் சுமந்து ஊருக்கு வெளியே தோப்புக்குப் போவார். சங்கு ஊதுவார்கள், வெற்றிலை வழங்குவார்கள். அறுப்பது அங்கும் நாவிதர்தான்.

இன்று பிரசவம் ஆஸ்பத்திரியில். பல வீடுகளில் பிள்ளை கைக்குழந்தையாக இருக்கும்போதே சுன்னத்தையும் முடித்துவிடுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, பிளாஸ்டிக் வளையம் மாட்டி, நூலால் இறுக்கிக் கட்டினால், வாரம் பத்து நாளில் வளையம் தானாக விழுந்துவிடும். வளர்ந்த பையன்களுக்குக் கோடை விடுமுறையில் ஜமாஅத்துகள் இலவச சுன்னத் முகாம் நடத்துகின்றன. முகட்டுக் கயிறு போய், முன்புறம் கூடு வைத்த ஜட்டி வந்துவிட்டது.

டாக்டர் கத்தியை எடுக்கும் முன் பார்ப்பது ஒன்றுண்டு. சில குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கும். அதைப் பின்னால் சரிசெய்ய முன்தோல் தேவைப்படலாம் என்பதால் வெட்டாமல் அனுப்பிவிடுவார். குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் உண்டா என்றும் கேட்பார். ஒசாவின் கைப்பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்விகளுக்காகவே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

ஒன்றுதான் உறுத்துகிறது. ஏழு வயதுக்காரனால் பரணில் ஏறி ஒளிந்துகொள்ளவாவது முடிந்தது; கைக்குழந்தையால் அதுவும் முடியாது. பிள்ளையைக் கேட்காமல் அதன் உடலில் கத்தி வைக்கலாமா என்ற வாதம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. ஜெர்மனியில் 2012இல் கொலோன் நீதிமன்றம் ஒரு சிறுவனுக்குச் செய்த சுன்னத்தை உடலுக்குச் செய்த தீங்கு என்றது. அந்த டிசம்பரிலேயே நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட்டு அதை அனுமதித்தது. நம் வீடுகளில் அந்த வாதம் எழுவதே அபூர்வம். "சின்னதுலயே முடிச்சிட்டா வலி தெரியாது" என்று சொல்லிவிடுகிறோம். வலி தெரியத்தான் செய்யும். பிள்ளைக்குப் பின்னால் ஞாபகம் இருக்காது, அவ்வளவே.

குதிரையை நிறுத்தியதில் ஆஸ்பத்திரிக்கு மட்டும் பங்கில்லை. ஊர்வலமும் மேளமும் மார்க்கத்தில் இல்லாதவை என்று மார்க்கச் சீர்திருத்தக்காரர்களான தவ்ஹீத்காரர்கள் பேசிப் பேசியே பல ஊர்களில் ஆடம்பரம் குறைந்தது. ஒசா வீட்டுப் பிள்ளைகளும் சலூன், வளைகுடா என்று போய்விட்டார்கள். ஆனாலும் கல்யாண ஆசை முழுதாக விடவில்லை. ஆஸ்பத்திரியில் சத்தமில்லாமல் முடித்துவிட்டு, புண் ஆறியதும் மண்டபம் பிடித்து, வாசலில் பிளெக்ஸ் வைத்து, கோட்டு சூட்டு போட்ட பையனை மேடையில் உட்காரவைக்கிற வீடுகள் இன்றும் உண்டு. பந்தியில் பையனும் வலியில்லாமல் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட முடிகிறது. அந்த மட்டுக்கும் லாபம்தான்.