பாப்பா வரும் முன்னே... ஃப்ரீசரில் காலை டிபன் ரெடியா?

காலை 5 மணி. ஓசூரில் பனி இன்னும் விலகவில்லை. சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ் ஐந்தரைக்குத் தெருமுனையில் வந்து நிற்கும். முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் அப்பா ஒரு டம்ளர் காபியோடு ஓடுகிறார். ஏழே முக்காலுக்கு மூத்த குழந்தையின் ஸ்கூல் வேன். நடுவில் டிபன், டப்பா, குளியல், யூனிஃபார்ம். எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகச் செய்து முடிக்கிற அம்மாவுக்கு இப்போது எட்டாவது மாதம்.

இன்னும் சில வாரத்தில் இதே சமையலறையில் இதே காலைப்பொழுது வரும். கூடவே ஒரு பச்சைக் குழந்தையும் இருக்கும். அன்றைக்கு அந்த அம்மா எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்?

டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வரிசையாக வந்த ஊர் ஓசூர். வேலைக்காக வேறு மாவட்டங்களிலிருந்தும், எல்லை தாண்டி கர்நாடகாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்து வாடகை வீட்டில் குடியிருப்பவர்கள் இங்கே ஏராளம். பாட்டிமார்கள் திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருப்பார்கள். கூப்பிட்ட உடனே ஓடிவர முடியாது. முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விடலாம். இரண்டாவது என்றால், பெரிய குழந்தையின் பள்ளிக்கூடம் காலைக் கட்டிப்போடும்.

லீவு கணக்கும் சரிசமமாக இல்லை. 2017-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தாய்க்குச் சம்பளத்துடன் 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் ஆலைத் தொழிலாளிக்கு இப்படி ஒரு விடுப்பைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. கம்பெனி பெரிய மனசு வைத்தால் உண்டு. இல்லாவிட்டால், குழந்தை பிறந்த அடுத்த வாரமே முதல் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான்.

அந்த முதல் இரண்டு மூன்று வாரக் காலைகளைத் தாண்டத்தான் ஃப்ரீசர் கைகொடுக்கிறது.

முதலில் ஒரு கேள்வி: சமைப்பது யார்?

‘பிரசவத்துக்கு முன்னாடியே செஞ்சு வெச்சுடு' என்று நிறைமாதக்காரியின் தலையிலேயே இதையும் கட்டினால், உதவியாக இருக்க வேண்டியது உபத்திரவமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்றால் மிஞ்சுவது கால் வீக்கமும் இடுப்பு வலியும்தான்.

அதனால் இது அப்பாக்களின் வேலை. பூண்டு உரிப்பது, பை மீது பெயர் எழுதுவது போன்ற உட்கார்ந்து செய்கிற வேலைகளை அம்மா பார்க்கலாம். மாவு அரைப்பது, இட்லி ஊற்றுவது, சப்பாத்தி போடுவது எல்லாம் அப்பா. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நாளைக்கு இதை எடுத்துச் சூடு செய்து தரப்போவது அவர்தான். எது எங்கே இருக்கிறது, எப்படிச் சூடாக்க வேண்டும் என்று அவருக்கு இப்போதே பழகிவிடும்.

‘பச்ச உடம்புக்காரிக்கு ஐஸ்பெட்டிச் சோறா?'

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். அம்மாவோ மாமியாரோ முகம் சுளித்தால், அதில் அக்கறைதான் இருக்கிறது. பிரசவித்தவளுக்குச் சூடாக, புதிதாக, பத்தியமாகக் கொடுக்க வேண்டும் என்பது பரம்பரைப் பழக்கம். அதோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

வழி எளிது. சமைத்து உறையவைத்த இட்லியும் சப்பாத்தியும் முதலில் அப்பாவுக்கும் மூத்த குழந்தைக்கும். தாய்க்குப் புதிதாகச் சமைக்கத் தேவையான பொருட்களை மட்டும் ஃப்ரீசரில் தயாராக வைக்கலாம். உரித்த பூண்டு, உரித்த சின்ன வெங்காயம், துருவிய தேங்காய், வேகவைத்த துவரம்பருப்பு. இவை கையில் இருந்தால், வந்திருக்கும் பாட்டி சுடச்சுடப் பூண்டுக் குழம்பு வைக்க அதிக நேரம் ஆகாது. அவருக்கும் வயதாகிவிட்டது என்பதை மறக்கக்கூடாது.

ஆவி பறக்கச் சூடாக்கினால், ஃப்ரீசர் இட்லியைத் தாயும் சாப்பிடலாம். வெறும் காபியும் பன்னும் சாப்பிட்டு 11 மணி வரை பசியோடு பால் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. நான்கு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் சேர்ந்தால் கிட்டத்தட்ட அந்தக் கணக்கு வரும். ஒரு வேளை காலை டிபனைத் தவறவிட்டால் என்ன போகும் என்பது இதிலேயே தெரிகிறது.

எந்த ஃப்ரிட்ஜ்? கணக்கு மாறும்!

உணவு நன்றாக உறைந்திருக்க மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தக் குளிரில் கிருமிகள் பெருகாது. ஆனால் செத்துப்போவதும் இல்லை. வெளியே எடுத்ததும் மறுபடி விழித்துக்கொள்ளும். ஃப்ரீசரை நம்பிக் கெட்டுப்போகும் நிலையில் இருக்கும் உணவை உள்ளே வைக்கக்கூடாது என்பது இதனால்தான்.

ஃப்ரீசருக்குத் தனிக் கதவு உள்ள டபுள் டோர் ஃப்ரிட்ஜ் என்றால், 34-லிருந்து 36-வது வாரத்துக்குள் சமைத்து வைக்கலாம். ஒன்றிரண்டு மாதம் வரை ருசி பெரிதாகக் குறையாது.

சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் மேலே இருக்கும் சின்னப் பெட்டி அவ்வளவு குளிர்வதில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் அதன் குளிரும் போகும். அதில் சமைத்த உணவை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. 37-வது வாரத்தில் பத்து நாளுக்கான டிபனை மட்டும் வைத்தால் போதும். பாப்பா வரத் தாமதமானால், இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் புதிதாக நிரப்பிக்கொள்ளலாம். தொடங்கும் முன் டீஃப்ராஸ்ட் செய்து, கட்டியிருக்கும் ஐஸை நீக்கிவிட்டால் இடமும் கிடைக்கும், குளிரும் கூடும்.

மூன்று ஞாயிறு, மூன்று வேலை

முதல் ஞாயிறு - பொருட்கள்: தேங்காயைத் துருவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக. பூண்டு, சின்ன வெங்காயம் உரித்து, ஈரம் துடைத்துப் பையில். துவரம்பருப்பை மஞ்சள் சேர்த்து வேகவைத்து, ஆறவைத்துச் சின்ன டப்பாக்களில். மார்கழி, தை மாதமாக இருந்தால் இந்தப் பக்கத்துச் சந்தையெல்லாம் மொச்சை குவிந்திருக்கும். தோல் பிதுக்கிய பருப்பை அப்படியே உறையவைத்தால், இட்லிக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு எந்த நாளிலும் ரெடி. கோடையில் பிரசவம் என்றால் கிருஷ்ணகிரி மாம்பழம் இருக்கவே இருக்கிறது. கூழாக்கி உறையவைத்தால் மூத்த குழந்தையின் காலைப் பாலுக்கு ஆகும்.

இரண்டாம் ஞாயிறு - இட்லி, இடியாப்பம்: பதினாறு குழிப் பாத்திரத்தில் மூன்று ஈடு ஊற்றினால் 48 இட்லி. ஓசூர் குளிரில் மாவு லேசில் புளிக்காது. டிசம்பர், ஜனவரியில் வெள்ளிக்கிழமையே ஊறப்போட்டு அரைத்துவிட்டால் ஞாயிறு காலை கவலை இல்லை. வெந்த இட்லியை எடுத்து நன்றாக ஆறவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் அடுக்கி ஃப்ரீசரில் வைக்க வேண்டும். கல்லாக இறுகியதும் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டலாம். இடியாப்பத்துக்கும் இதே முறைதான். வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளில் உறைந்த இடியாப்பமும் பரோட்டாவும் விற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

மூன்றாம் ஞாயிறு - சப்பாத்தி, கேழ்வரகு அடை: சப்பாத்தியை இருபக்கமும் முக்கால் பதம் வாட்டி, ஆறியதும் இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து அடுக்க வேண்டும். முருங்கைக்கீரை, வெங்காயம் சேர்த்த கேழ்வரகு அடைக்கும் அதேதான். கிருஷ்ணகிரி மண்ணின் தானியம் கேழ்வரகு. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. பால் கொடுக்கும் தாய்க்கு இதைவிட மலிவான கால்சியம் கிடைப்பது அரிது. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஃப்ரீசரே வேண்டாதவை: ரவையை நெய்யில் வறுத்து, கடுகு, உளுந்து, கறிவேப்பிலை தாளித்துக் கலந்த உப்புமா மிக்ஸ், பருப்புப் பொடி, சத்துமாவு. ஈரம் படாத டப்பாவில் இருந்தால் இவை அலமாரியிலேயே சில வாரம் தாங்கும். கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் உப்புமா.

வைக்கக்கூடாதவை: உருளைக்கிழங்கு போட்ட குழம்பு (கிழங்கு மணல் மணலாகிவிடும்), தயிர்சாதம் (திரிந்துபோகும்), அவித்த முட்டை (வெள்ளைக்கரு ரப்பர் மாதிரி ஆகும்), வெள்ளரி, தக்காளித் துண்டுகள்.

இந்த ஐந்தை மறக்கக்கூடாது

1. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வைத்துவிட வேண்டும். சோற்றில் உள்ள சில கிருமிகளின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெளியே கிடக்கும் நேரத்தில்தான் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். பிறகு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

2. பருப்பு, குழம்பு டப்பாவை விளிம்பு வரை நிரப்பக்கூடாது. தண்ணீர் உறையும்போது விரியும். ஓர் அங்குலம் இடம் விட வேண்டும். சாதாரணக் கண்ணாடி பாட்டில் வெடித்துவிடும்.

3. ஒவ்வொரு பையிலும் பெயர், தேதி, சூடாக்கும் விதம் மூன்றையும் எழுத வேண்டும். ‘இட்லி 6 - ஜனவரி 12 - ஆவியில் 8 நிமிஷம்' என்று இருந்தால், யாரையும் எழுப்பிக் கேட்க வேண்டாம்.

4. இட்லி, இடியாப்பத்தை ஐஸோடு நேராகக் கொதிக்கும் இட்லிப் பாத்திரத்தில் வைக்கலாம். சப்பாத்தி, அடை நேராகத் தோசைக்கல்லுக்கு. பருப்பு டப்பாவை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, காலையில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். சூடாக்கியதில் மிஞ்சியதை மறுபடி ஃப்ரீசரில் வைக்கக்கூடாது.

5. பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரன்ட் போகும் நாளில் ஃப்ரீசரைத் திறக்கவே கூடாது. நிரம்பிய பெரிய ஃப்ரீசர் மூடியபடியே இருந்தால் இரண்டு நாள் வரை குளிர் தாங்கும். பாதி நிரம்பியது ஒரு நாள். சின்னப் பெட்டி அவ்வளவு தாங்காது. கரன்ட் வந்ததும் பார்த்து, உணவில் இன்னும் ஐஸ் இருந்தால் அன்றைக்கே பயன்படுத்தலாம். உருகி வெதுவெதுப்பாகிவிட்டால், மனசு கேட்காவிட்டாலும் கொட்டிவிட வேண்டும்.

வீட்டுக்கு வெளியேயும் ஒரு கை

மூத்த குழந்தை அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எதில் படித்தாலும், பள்ளி நாட்களில் காலை டிபன் அங்கேயே கிடைக்கிறது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று சூடாகத் தருகிறார்கள். அந்த நாட்களில் அந்த ஒரு தட்டை வீட்டில் யோசிக்கவே வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் இந்தத் தெருக்களில், ‘குழந்தை பிறந்திருக்காமே, என்ன வேணும்?' என்று யாராவது கதவைத் தட்டுவார்கள். ‘ஒண்ணும் வேணாங்க' என்பதுதான் வழக்கமான பதில். அதற்குப் பதிலாக, ‘நாளைக்குக் காலையில கொஞ்சம் சட்னி மட்டும் அரைச்சுத் தர்றீங்களா?' என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்டவருக்கும் சந்தோஷம். வீட்டில் இட்லி தயாராக இருக்கிறது, சட்னிதானே!

பனி விலகாத இன்னொரு காலை. கம்பெனி பஸ் வர இன்னும் 20 நிமிஷம். அப்பா ஃப்ரீசரைத் திறந்து ஒரு பையை எடுக்கிறார். தேதி பார்க்கிறார். இட்லிப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிறது. எட்டு நிமிஷத்தில் தட்டில் ஆவி பறக்கிறது. இரவெல்லாம் விழித்திருந்த அம்மா, குழந்தை தூங்கும் இந்தக் கொஞ்ச நேரத்தில், உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறார்.