வாட்ஸ்அப்பைக் கடைசியாக விடுங்கள்

பெரிய நிறுவனங்களின் செயலிகளை விட்டு ஒரே மூச்சில் வெளியேறச் சொல்பவர்களுக்குக் குடும்பமே கிடையாதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மொன்ட்ரியால் நகரின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில் அந்த அறிவுரை செல்லுபடியாகாது. பீ-நெஃப் வீதியில் பேருந்துக்கு நிற்கும் ஹெயிட்டிக்காரர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இருக்கும் தாயோடு வாட்ஸ்அப்பில் கதைக்கிறார். நம்மவர் வீடுகளிலும் அதேதான். ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், செத்தவீட்டு அறிவித்தல் எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கின்றன. "சிக்னலுக்கு வாங்கோ சித்தி" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாரும் இதிலதானே நிக்கினம், அங்க வந்து நான் ஆரோட கதைக்கிறது?" என்று யாழ்ப்பாணத்திலிருந்து பதில் வரும். நியாயமான கேள்வி.

ஆட்கள் வராத சிக்கலை இந்த நகரத்து நிறுவனம் ஒன்று கால் நூற்றாண்டுக்கு முன்பே அனுபவித்தது. ஆஸ்டின் ஹில் தன் குடும்பத்தாரோடு 1997இல் தொடங்கிய ஸீரோ-நாலெட்ஜ் சிஸ்டம்ஸ், 1999 கடைசியில் 'ஃப்ரீடம்' என்ற சேவையைக் கொண்டுவந்தது. புனைபெயரில் இணையத்தில் உலவலாம். தகவல் மறையாக்கப்பட்டுப் பல கணினிகள் வழியாகச் சுற்றிப் போகும். யார், எங்கே போகிறார் என்ற இரண்டையும் சேர்த்து அறிந்த கணினி வழியில் ஒன்றும் இராது. அடையாளத்தை மறைத்து உலவ உதவும் இன்றைய டோர் வலையமைப்புக்கும் ஏறக்குறைய இதே யோசனைதான் அடிப்படை. தொழில்நுட்பத்தில் குறையில்லை. காசு கொடுத்து வாங்கத்தான் போதிய ஆட்கள் இல்லை. 2001 அக்டோபரில் மூடிவிட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. அங்கே வேலை பார்த்த இயன் கோல்ட்பர்க், 2004இல் வேறு இருவரோடு சேர்ந்து 'ஆஃப்-த-ரெக்கார்ட்' என்ற உரையாடல் மறையாக்க முறையை வெளியிட்டார். சிக்னல் செயலியின் மறையாக்கம் அதன் யோசனைகளை எடுத்து வளர்த்தது. 2016 முதல் வாட்ஸ்அப் முழுவதும் ஓடுவதும் அதே சிக்னல் முறைதான். அதனால் சித்தி அனுப்பும் குரல் செய்தியை வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா கேட்க முடியாது. ஆனால் அவர் யாருக்கு, எந்த நேரத்தில், எத்தனை தடவை அனுப்புகிறார், எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்பது மெட்டாவுக்குத் தெரியும். சிக்னலிடம் 2016இல் அமெரிக்க அரசுத் தரப்பு சட்ட ஆணையோடு கணக்கு விவரம் கேட்டது. கணக்குத் தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும்தான் கொடுப்பதற்கு இருந்தன. மறையாக்கம் ஒன்றுதான், சேர்த்துவைக்கும் பழக்கம் வேறு.

ஆகவே வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். யாருடைய சம்மதமும் தேவைப்படாதவற்றை முதலில் விடலாம். உலாவியைப் பயர்பாக்ஸுக்கு மாற்ற ஐந்து நிமிடம் போதும். வரைபடத்துக்கு ஓஸ்மாண்ட் இருக்கிறது. கியூபெக்கை ஒருமுறை இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலே வழி காட்டும். போக்குவரத்து நெரிசலைச் சொல்வதில் மட்டும் கூகுளுக்கு ஈடில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதற்கும் முன்னால், தொலைபேசியில் எந்தெந்தச் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். இங்கே எல்லோரும் கோப்பி வாங்கும் டிம் ஹோர்ட்டன்ஸின் செயலி, மூடியிருந்தபோதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டே இருந்தது. கனடாவின் தனியுரிமை ஆணையரும் கியூபெக்கின் தகவல் அணுக்க ஆணைக்குழுவும் வேறு இரு மாகாணங்களும் சேர்ந்து விசாரித்து, அது சட்டமீறல் என்று 2022 ஜூனில் சொன்னார்கள். கூட்டு வழக்குகளில் உடன்பாடான நட்டஈடு என்ன தெரியுமா? ஒரு சூடான பானமும் ஒரு பணியாரமும்!

வெளியேறுபவர்களுக்குக் கியூபெக்கில் ஒரு வசதி உண்டு. தனியுரிமைக்கான 25ஆம் சட்டத்தின்படி, 2024 செப்டம்பர் 22 முதல், ஒரு நிறுவனம் உங்களிடமிருந்து பெற்றுக் கணினியில் வைத்திருக்கும் தகவலைப் பொதுவாகப் பயன்படும் கோப்பு வடிவில் நீங்கள் கேட்டு வாங்கலாம். கணக்கை அழிப்பதற்கு முன் கேளுங்கள், பின்பு அல்ல.

இனி வாட்ஸ்அப். மொன்ட்ரியாலின் சவுவார்-ஃபேர் லினக்ஸ் உருவாக்கிய 'ஜாமி' என்ற செயலி இருக்கிறது. நடுவில் நிறுவனச் சேவையகம் கிடையாது, தொலைபேசி எண்ணும் கேட்காது. வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கு நான் சிக்னலையே சொல்வேன். பார்வைக்கு வாட்ஸ்அப் போலவே இருப்பதால் பழகுவது சுலபம். குழுவை இழுக்க முயல வேண்டாம். அடிக்கடி கதைக்கும் ஒருவர் வந்தால் போதும், மற்றக் குழுக்கள் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

அதுவரை வாட்ஸ்அப்பிலேயே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதன் காப்புப் பிரதி கூகுள் அல்லது ஆப்பிள் கணக்குக்குப் போகிறது. செய்திகளுக்கு உள்ள மறையாக்கம் அந்தப் பிரதிக்குத் தானாக வராது. 2021 முதல் அதற்கென்று தனி அமைப்பு இருக்கிறது. 'அரட்டைக் காப்புப் பிரதி' பகுதியில் போய் நாமே இயக்க வேண்டும். அப்போது வைக்கும் கடவுச்சொல்லைத் தொலைத்தால் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது என்பதால், பெரியவர்களின் தொலைபேசியில் செய்யும்போது அதை எழுதிவைக்கும் கொப்பியையும் கையோடு தீர்மானித்துவிடுங்கள். மின்னஞ்சல் முகவரியை மாற்றுவது மாதக்கணக்கான வேலை. அதைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.