சரளைத் திட்டுகளில் தாவரமும் படிவு நகர்வும்

சரளைத் திட்டு என்பது ஆற்றுப் படுகையில் கூழாங்கற்களும் பரல்களும் குவிந்து, நீர் குறைந்த காலத்தில் வெளியே தெரியும் மேடு ஆகும். மலையடிவாரங்களில் பல கிளைகளாகப் பிரிந்து பின்னி ஓடும் ஆறுகளில் இவை மிகுதியாகக் காணப்படுகின்றன. இத்திட்டுகளில் வேரூன்றும் தாவரங்கள் கல், மணல், வண்டல் ஆகியவற்றின் நகர்வை மாற்றுகின்றன. சில இடங்களில் ஆற்றின் வடிவத்தையே மாற்றிவிடுகின்றன.

செயற்பாடு

வெள்ளத்தின்போது தண்டுகளும் இலைகளும் நீரோட்டத்துக்குத் தடையாக நின்று அதன் விரைவைக் குறைக்கின்றன. விரைவு குறைந்த நீரால் தான் கொண்டுவரும் மணலையும் வண்டலையும் சுமக்க இயலாது. அவை செடிகளுக்கு இடையிலும், செடிகளின் கீழ்நீர்ப் பக்கத்தில் வால் போன்ற மேடாகவும் படிகின்றன. வளையும் இளந்தண்டுகள் படுகையின் மேல் சாய்ந்து அதனைக் காக்கின்றன. வேர்கள் துகள்களைப் பிணைக்கின்றன.

எனினும் தாவரம் எப்போதும் அரிப்பைத் தடுக்கும் எனக் கொள்ளுதல் தவறு. விறைத்த அடிமரத்தைச் சுற்றி நீர் சுழல்வதால் அதன் முன்புறத்தில் பள்ளம் தோன்றும். அடர்ந்த புதரால் ஒதுக்கப்பட்ட நீர், அருகிலுள்ள கிளையில் விரைந்தோடி அதனை ஆழமாக்குவதும் உண்டு.

செடி நிலைப்பது காலத்தைப் பொறுத்தது. பாப்ளர், வில்லோ மரங்களின் விதைகள் சில வாரங்களுக்குள் முளைக்கும் திறனை இழந்துவிடுகின்றன. ஈரமான வெற்றுத் தரையில் முளைத்த நாற்று, இறங்கிச் செல்லும் நிலத்தடி நீரைத் தன் வேரால் தொடர வேண்டும். அடுத்த பெருவெள்ளத்துக்கு முன் ஆழமாகவும் ஊன்ற வேண்டும். இல்லாவிடின் வெள்ளம் வேரைச் சுற்றியுள்ள சரளையை அரித்துச் செடியைப் பறித்துச் செல்லும்.

தாலியமெந்தோ ஆறு

வடகிழக்கு இத்தாலியில் ஆல்ப்சு மலையில் தோன்றி ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கும் தாலியமெந்தோ ஆறு ஏறத்தாழ 170 கி.மீ. நீளமுடையது. ஆல்ப்சு ஆறுகள் பலவும் கரை கட்டி ஒடுக்கப்பட்டுவிட்ட நிலையில், இதன் நடுப்பகுதி இன்றும் அகன்ற சரளைப் படுகையில் பின்னி ஓடுகின்றது. ஏஞ்சலா கர்னெல், ஜெஃப்ரி பெட்சு முதலிய ஆய்வாளர்கள் இங்கு ஆற்றுத் தீவுகள் உருவாவதை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

வெள்ளம் வேரோடு சாய்த்துக் கொண்டுவரும் கரும்பாப்ளர் மரங்கள், பெரும்பாலும் வேர்ப்பகுதி மேல்நீர்ப் பக்கம் நோக்கியவாறு திட்டில் தங்குகின்றன. அம்மரம் இறப்பதில்லை. கிடந்த தண்டிலிருந்தே புதிய தளிர்களும் வேர்களும் கிளம்புகின்றன. விதை நாற்றுகளைவிட இவை விரைவாக வளர்வதால் மணலையும் வண்டலையும் முன்னதாகவே பிடித்துவைக்கின்றன. இவ்வாறு தோன்றும் சிறு மேடுகள் முன்னோடித் தீவுகள் எனப்படுகின்றன. பின்னர் இவை ஒன்றிணைந்து பெரிய தீவாகலாம். வெள்ளத்தில் அழிந்தும் போகலாம். (ஆற்றின் நடுவே அமைந்த தீவினைக் குறிக்கத் தமிழில் ஆற்றிடைக்குறை, துருத்தி, அரங்கம் எனப் பல சொற்கள் உள்ளன.)

ஆற்றின் வடிவ மாற்றம்

மைக்கல் தால், கிறிசு பவோலா ஆகியோர் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையின் முடிவுகளை 2007 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மணல் நிரப்பிய தொட்டியில் பின்னியோடும் சிற்றாறு ஒன்றை அமைத்து, குதிரைமசால் விதைகளைத் தூவி, குறைந்த நீரோட்டத்தையும் வெள்ளத்தையும் மாறிமாறி விட்டனர். நாற்றுகள் திட்டுகளைப் பிணைக்க, பல கிளைகளாக ஓடிய நீர் ஒரே வளைந்த வாய்க்காலாக மாறியது. இயற்கையில் பல ஆண்டுகளில் நிகழ்வதைச் சிறு தொட்டியில் காட்டியதே இச்சோதனையின் சிறப்பு.

இம்மாற்றம் எங்கும் விரும்பத்தக்கதன்று. நியூசிலாந்தின் தென்தீவில், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட லூப்பின் செடிகளும் வில்லோக்களும் பின்னல் ஆறுகளின் திட்டுகளில் பரவி, சரளையை நிலைநிறுத்திவிடுகின்றன. வெற்றுச் சரளையில் முட்டையிடும் கருநெட்டைக்காலிக்கும், அலகு வலப்புறமாக வளைந்த ரைபில் பறவைக்கும் இதனால் கூடு கட்டும் இடம் குறைகின்றது. புதர்கள் பகைவிலங்குகளுக்கு மறைவிடமும் ஆகின்றன. ஆகவே அங்கு இச்செடிகளைத் திட்டுகளிலிருந்து அகற்றும் பணி மேற்கொள்ளப்படுகின்றது.