போகணுமா, சாகணுமா?

2005-ல் வந்த 'தி இன்டர்ப்ரட்டர்' படத்தைப் பலரும் ஒரு கொலைச்சதி த்ரில்லராகத்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க. எனக்கு அது ஒரே ஒரு சொல்லைப் பத்தின படம்.

சில்வியா (நிக்கோல் கிட்மேன்) நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில், பேசப் பேச உடனே மொழிபெயர்த்துச் சொல்பவர். நம்ம பழைய வார்த்தையில் துபாஷி. ஒரு ராத்திரி, விட்டுட்டுப்போன பொருளை எடுக்கத் தன் கண்ணாடி அறைக்குத் திரும்பறார். ஹெட்போனில் யாரோ கிசுகிசுப்பது கேட்குது. மடோபோ நாட்டு அதிபர் சுவானியைக் கொல்லப்போறாங்க. பேச்சு 'கூ' மொழியில். ஐ.நா.வின் 6 அதிகாரபூர்வ மொழிகளில் அது கிடையாது. ஆனா சில்வியா வளர்ந்த ஊர் மடோபோ, அதனால அவருக்குப் புரியுது.

மடோபோ கற்பனை நாடு. 'கூ'வும் ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளை ஒட்டிப் படத்துக்காகவே உருவாக்கியது. ஆனா அரங்கம் நிஜம். 1950-களில் ஹிட்ச்காக்குக்குக் கிடைக்காத அனுமதி, கோஃபி அன்னான் காலத்தில் இயக்குநர் சிட்னி போலாக்குக்குக் கிடைச்சுது.

விசாரிக்க வரும் அதிகாரி கெல்லர் (ஷான் பென்) சில்வியாவையே சந்தேகப்படறார். சுவானி செத்தா உங்களுக்கு வருத்தமில்லையான்னு கேட்கறார். அவர் 'போனா' வருத்தமில்லைங்கறார் சில்வியா. ரெண்டும் ஒண்ணுதானேன்னா, இல்லவே இல்லை, ரெண்டும் ஒண்ணுன்னா ஐ.நா.வே தேவையில்லைங்கறது அவர் பதில்.

இந்தக் காட்சியைத் தமிழில் யோசிச்சுப் பாருங்க. நம்ம பேச்சில் "அவர் போயிட்டாரு"ன்னா ஊருக்குப் போனதா, உலகத்தை விட்டே போனதான்னு சொல்ற குரலை வச்சுத்தான் தெரியும். ஃபோனில் அந்த வார்த்தையைக் கேட்டு ஒரு நொடி நெஞ்சு நின்னுபோகாத வீடு உண்டா? மொழிபெயர்ப்பவர் அந்த ஒரு நொடிக்குள்ள முடிவெடுக்கணும். பதவியை விட்டுப் போகணும்னு சொன்னது சாகணும்னு மாறிட்டா, கோரிக்கை மிரட்டலாயிடும்.

(இனி முடிவைச் சொல்லப்போறேன். படம் பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திக்கலாம்.)

கடைசியில் சுவானியின் முன்னால் துப்பாக்கியோடு நிற்பதே சில்வியாதான். குடும்பத்தையே பறிகொடுத்தவர், 'போகணும்' என்ற தன் சொல்லை அந்த நிமிஷம் கைவிடத் தயாராயிட்டார். ஆனா சுடுவதற்கு முன், அவன் எழுதிய புத்தகத்தை அவனையே வாசிக்க வைக்கிறார். பிறகு துப்பாக்கி இறங்குது. அவனை சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்கப் போகுது.

சொல்லில் வித்தியாசம் சொல்றது சுலபம். கையில் துப்பாக்கி இருக்கும்போதும் அந்த வித்தியாசம் நிக்குமாங்கறதுதான் படம் கேட்கும் கேள்வி.